நீலகிரி ஏற்றமும் நாலு ஜிபிஎஸ் கருவிகளும்

முதல் நாள்: கோவையிலிருந்து கோத்தகிரி

மேட்டுப்பாளையம் வந்து நின்றபோது நாலு சைக்கிளிலும் நாலு தூரம். ஒரே தெருமுனையில் கிளம்பி, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று ஒருவர் பின்னால் ஒருவராக வந்தவர்கள் நாங்கள். இருந்தும் குறைந்த எண்ணுக்கும் கூடின எண்ணுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வித்தியாசம். இட்லி வரும்வரை இதே பேச்சுதான்.

இந்தப் பயணம் கிளம்பியதே இதற்காகத்தான். ஜிபிஎஸ் சைக்கிள் கம்ப்யூட்டர் எதை வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவினாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் நல்ல கருவிதான். மலையில் ஏற்றினால்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். கோத்தகிரி வழியாக ஏறுவது, தொட்டபெட்டா, ஊட்டி, அப்புறம் மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்குவது என்று முடிவு செய்தோம். ஐப்பசி மழை ஒன்றுதான் பயம்.

கூட வருகிறவர்களைச் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் அக்காவிடம் தொடுதிரைக் கருவி. என்னிடம் பொத்தான் வைத்த, கலர் மேப் உள்ள கருவி. இன்ஜினியரிங் படிக்கிற தம்பி, காற்றழுத்த உணரி (காற்றின் அழுத்தத்தை வைத்து உயரத்தையும் சரிவையும் கணக்கிட உதவுவது) இல்லாத மலிவான கருவி ஒன்றையும், பக்கத்திலேயே போனையும் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிறான். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவிடம் ஜிபிஎஸ்ஸே கிடையாது. முன் சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு உணரி, அதிலிருந்து ஒயர் மேலே ஏறி ஒரு சின்ன மீட்டருக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இதில் எது எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. யாரோ ஒருவர் கையில் இருக்கும் ஒரு பெட்டி மழையில் நின்றுபோனதை வைத்து ஒரு கம்பெனிக்கு மார்க் போடுவது நியாயமில்லை. கம்பெனிகள் வெளிப்படையாகச் சொல்லும் வசதிகளைப் பேசும்போது மட்டும் பெயர் வரும்.

தூரத்துக்கு வருவோம். மாமாவின் மீட்டர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, டயரின் சுற்றளவால் பெருக்குகிறது. 28 மில்லிமீட்டர் டயர் என்றால் சுற்றளவு 2,136 மில்லிமீட்டர் என்று கையேட்டு அட்டவணையில் இருக்கும். அவர் அதை நம்பவில்லை. வால்வைத் தரையில் வைத்து, மேலே உட்கார்ந்தபடி ஒரு சுற்று உருட்டி, சாக்பீஸால் கோடு போட்டு டேப்பில் அளந்திருக்கிறார். அதனால் நாலில் அவருடையதைத்தான் நான் நம்பினேன். ஜிபிஎஸ் வினாடிக்கு ஒருமுறை நீங்கள் இருக்கும் இடத்தைக் குறித்து, புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடு போட்டுக் கூட்டுகிறது. வேகமாக வளைவில் போனால் கோடு வளைவைக் குறுக்கே வெட்டிவிடும், தூரம் குறையும். மெதுவாகப் போனாலோ சிக்னலில் நின்றாலோ புள்ளி அங்கும் இங்கும் தள்ளாடும், தூரம் கூடும். தம்பியின் போனில் கூடியது இந்த வகை. பெரியநாயக்கன்பாளையம் நெரிசலில் அது நிறையவே தள்ளாடியிருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் இன்னொரு வேடிக்கை. கிளம்பும் முன் கருவிகளை உணரிகளோடு இணைக்கும்போது, அக்காவின் இதயத்துடிப்பு தம்பியின் திரையில் வந்துவிட்டது. ஏஎன்டி பிளஸ் என்ற அலைவரிசை முறை ரேடியோ ஒலிபரப்பு மாதிரி. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரே மார்புப் பட்டையை எத்தனை கருவிகளும் படிக்கலாம். புளூடூத்தில் பெரும்பாலும் ஒன்றோடுதான் ஜோடி, சில பட்டைகளில் இரண்டு மூன்று. கூட்டமாக நிற்கும்போது இணைத்தால் இந்த மாதிரி இதயம் மாறும். "எனக்கு நூத்தி நாப்பதுங்கக்கா, இன்னும் ஏறவே ஆரம்பிக்கலை" என்று அவன் பயந்துபோனான். உணரியின் எண்ணைப் பார்த்து, அவரவர் வீட்டிலேயே இணைத்துச் சேமித்துக்கொண்டு வருவதுதான் உத்தமம்.

பவானிப் பாலம் தாண்டியதும் வலது பக்கம் கோத்தகிரி சாலை. குஞ்சப்பனை வரை இரண்டு பக்கமும் காடு. யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். இந்த ஏற்றத்தில்தான் ஜிபிஎஸ் கருவியில் உண்மையிலேயே காசு கொடுக்கத் தகுந்தது எது என்று எனக்குப் புரிந்தது. மேப் இல்லை. மேலே போவது ஒரே சாலை, மேப் எதற்கு? ஏற்றத் திரைதான். இன்னும் எவ்வளவு தூரம் ஏற வேண்டும், எவ்வளவு உயரம் பாக்கி, அடுத்த அரைக் கிலோமீட்டர் எவ்வளவு செங்குத்து என்று பச்சை, மஞ்சள், சிவப்பாக மலையின் பக்கவெட்டைக் காட்டும் திரை. கார்மின் கம்பெனிக் கருவிகளில் அதற்கு கிளைம்ப்ப்ரோ, வாஹூவில் சம்மிட், ஹேமர்ஹெட்டில் கிளைம்பர் என்று பெயர். 2019இல் வந்த கார்மின் எட்ஜ் 530, 830 ஆகியவற்றில் முன்கூட்டியே பாதையை ஏற்றி வைத்தால்தான் இது வேலை செய்யும். 2023இல் வந்த 540, 840 ஆகியவற்றில் பாதை ஏற்றாமலே எதிரே வரும் ஏற்றத்தைக் கண்டுபிடிக்கும்.

மாமா முதல் பத்து கிலோமீட்டரைப் பறந்தார். எங்களுக்கு முன்னால் அவர் சிவப்புச் சட்டை வளைவு வளைவாக மறைந்துகொண்டே போனது. நானும் அக்காவும் திரையைப் பார்த்து, பாக்கி இருப்பதைப் பங்கு போட்டு மிதித்தோம். அரவேணுவுக்கு முன்னால் ஒரு டீக்கடை பெஞ்சில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். "இதோ முடிஞ்சுரும், இதோ முடிஞ்சுரும்னே வந்தேன் கண்ணு. முடியவே மாட்டேங்குது." கடந்து வந்ததைத் துல்லியமாகச் சொல்லும் கருவிக்கு, வரப்போவதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒரு குறை எல்லாக் கருவிக்கும் பொது. சரிவு சதவீதம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். காற்றழுத்தத்தில் சின்னச் சின்ன நடுக்கம் இருப்பதால், கடந்த சில வினாடிகளைச் சராசரி எடுத்துத்தான் காட்டுகிறது. கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் சுவர் மாதிரி நிற்கும். அதில் பல்லைக் கடித்து ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது, சமதரையில் 14% என்று காட்டும். கியர் மாற்றுவதற்குக் கண்ணையும் தொடையையும் நம்புங்கள்.

கோத்தகிரியில் குளிர் லேசாக ஆரம்பித்துவிட்டது. கால் கெஞ்சுகிறது. மீதி நாளை.

இரண்டாம் நாள்: தொட்டபெட்டா வழியாக ஊட்டி

இன்றைக்கு ஓட்டியது கொஞ்சம், சண்டை போட்டது நிறைய. பொருள், உயரம்.

கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகும் சாலையில், ஊட்டிக்குக் கொஞ்சம் முன்னால் தொட்டபெட்டா பிரிவு வரும். அங்கிருந்து உச்சி வரை தார்ச்சாலை. உச்சியின் உயரம் 2,637 மீட்டர் என்பது ஊரறிந்த எண். கருவிகளைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் சைக்கிளுக்கு எட்டும் தூரத்தில் குறைவு. டெலஸ்கோப் மாளிகை பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் திரைகளைப் பார்த்தோம். என்னுடையது 2,588. அக்காவுடையது 2,611. தம்பியின் போனில் ஒரு செயலி 2,640ஐ ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதே போனில் இன்னொரு செயலி 2,546. மாமா சட்டைப் பையில் கை விட்டபடி, "என்ற மீட்டர்ல அந்தப் பிரச்சினையே இல்லீங்க" என்றார்.

காசு அதிகம் போட்ட கருவிகள்தான் தப்பாகக் காட்டுகின்றன என்று தம்பி குதித்தான். விஷயம் அப்படி இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

எங்கள் இரண்டு கருவியிலும் இருப்பது காற்றழுத்த உணரி. மேலே போகப் போக அழுத்தம் குறையும். சமவெளியில் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும், ஊட்டி உயரத்தில் பதினொரு மீட்டருக்கு ஒரு மில்லிபார். ஒரு மீட்டர், அரை மீட்டர் வித்தியாசத்தைக்கூட உணரி பிடித்துவிடும். ஆனால் அழுத்தத்தை உயரமாக மாற்றும் சூத்திரம் ஒரு கற்பனைக் காற்றை வைத்து எழுதப்பட்டது. கடல் மட்டத்தில் 15 டிகிரி, மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறரை டிகிரி குறையும் என்ற காற்று. அந்தக் கணக்குப்படி கோத்தகிரி உயரத்தில் மூணு நாலு டிகிரிதான் இருக்க வேண்டும். இன்று காலை நாங்கள் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்தோம். சூடான காற்று உப்பி நிற்கும். அதே அழுத்தம் குறைய இன்னும் கொஞ்சம் மேலே போக வேண்டும். ஆகவே வெப்ப நாட்டு மலையில் கருவி ஏற்றத்தைக் குறைத்துத்தான் காட்டும். பத்து டிகிரிக்கு நாலு சதவீதம் என்று விமானிகள் ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து உச்சி வரை எண்ணூறு மீட்டருக்கு மேல் ஏறினோம், அதில் ஐந்து சதவீதம் என்றால் நாற்பது மீட்டர். என் 2,588க்குப் பாதி விளக்கத்துக்கு மேல் கிடைத்துவிட்டது.

மீதி விளக்கம் ஊட்டி லாட்ஜில் கிடைத்தது. மத்தியானம் வந்து இறங்கி, கருவியை மேஜைமேல் அணைக்காமல் வைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்தால், மேஜை இருபது மீட்டருக்குமேல் உயர்ந்திருக்கிறது! புயல் ஒன்றும் இல்லை. நம் பக்கத்து வானத்தில் காற்றழுத்தத்துக்குத் தினமும் இரண்டு முறை ஏற்றவற்றம் உண்டு. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணிக்கு அடிமட்டம், இரவு பத்துக்கு மறுபடி உச்சம், விடியற்காலை நாலுக்கு மறுபடி இறக்கம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் இது தெளிவாகத் தெரியும், ஐரோப்பாவில் வானிலை மாற்றத்தில் அமுங்கிப்போகும். கருவிகளைச் சோதித்து எழுதுகிறவர்கள் அதிகமும் அங்கேதான் இருக்கிறார்கள், அதனால் மதிப்புரைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. காலை பத்தரைக்கு உச்சியில் நின்றோம், அழுத்தம் கூடின நேரம். கருவி இன்னும் கீழே இருப்பதாக நினைத்துக்கொண்டது.

அக்காவின் கருவி என்னுடையதைவிட இருபது மீட்டருக்குமேல் கிட்டத்தில் காட்டியதற்குக் காரணம், அது நடுவில் செயற்கைக்கோள் உயரத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வது என்று நினைக்கிறேன். சில கருவிகள் கிளம்பும்போது மட்டும் திருத்தும், சில ஓடும்போதும் திருத்தும். உயரம் தெரிந்த இடங்களை நாமே சேமித்து வைக்கும் வசதி சிலவற்றில் உண்டு. வீட்டு வாசலை ஒருமுறை சேமித்துவிட்டால், அங்கிருந்து கிளம்பும்போதெல்லாம் அந்த எண்ணிலிருந்து தொடங்கும்.

சரி, போனில் ஏன் இரண்டு எண்? இது இன்னும் சுவாரசியம். செயற்கைக்கோள் கணக்கில் பூமி ஒரு வழவழப்பான நீள்வட்டக் கோளம். உண்மைக் கடல் மட்டம் அப்படி இல்லை, ஈர்ப்பு குறைந்த இடத்தில் தாழ்ந்திருக்கும். உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது, கோளக் கணக்கைவிட 106 மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு மொத்தமும். திருத்தாத உயரத்தைக் காட்டும் செயலியை மெரினாவில் நின்று பாருங்கள், கடலுக்கு எண்பது தொண்ணூறு மீட்டர் கீழே நிற்பதாகச் சொல்லும். தம்பியின் முதல் செயலி அதைத் திருத்துகிறது, இரண்டாவது திருத்தவில்லை. 2,546உடன் தொண்ணூற்றைக் கூட்டிப் பாருங்கள்.

அப்படியானால் போனே போதுமே? போதாது. செயற்கைக்கோள் உயரம் சராசரியில் சரி, நொடிக்கு நொடி தப்பு. கிடைமட்டப் பிழையைவிட உயரப் பிழை எப்போதும் பெரிது. செயற்கைக்கோள் எல்லாமே தலைக்கு மேலே, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. நின்ற இடத்திலேயே திரை பத்து மீட்டர் ஏறி இறங்கியது. அந்த நடுக்கத்தையெல்லாம் கூட்டினால் மொத்த ஏற்றம் எங்கோ போய்விடும். அதனால் பயணப் பதிவுகளை ஏற்றி வைக்கும் ஸ்ட்ராவா மாதிரி தளங்கள், காற்றழுத்த உணரி இல்லாத கோப்பு என்றால் உயர வரைபடத்திலிருந்து எண்ணை எடுத்து நிரப்புகின்றன. பரவலாகப் புழங்கும் அப்படி ஒரு வரைபடம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுக்கப்பட்டது, ஏறக்குறைய முப்பது மீட்டர் கட்டங்களாக. சமவெளிக்கு அருமை. மலையை ஒட்டி வெட்டின சாலையில், முப்பது மீட்டர் பக்கத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கோடு கொஞ்சம் விலகினாலும் நீங்கள் பாறைமேல் ஏறிப் பள்ளத்தில் குதித்ததாகக் கணக்கு. இன்று தம்பிக்குத்தான் எல்லாரையும்விட மொத்த ஏற்றம் அதிகம். அவன் அதை விட்டுக்கொடுக்கவும் தயாராக இல்லை.

என் தீர்ப்பு இது: உச்சியில் நிற்கும்போது போன் சொல்வதைக் கேட்கலாம், ஏறும்போது காற்றழுத்த உணரி வேண்டும். காட்டும் எண் நாற்பது மீட்டர் தள்ளியிருந்தால் பரவாயில்லை, ஏறும் வேகமும் சரிவும் சரியாக வந்தால் போதும்.

மூன்றாம் நாள்: ஊட்டி, மழை

அவலாஞ்சி போகலாம் என்றிருந்தோம். விடியற்காலையிலிருந்தே மழை. ஒன்பது மணிக்குச் சற்று விட்டது, கேத்தி வரைக்குமாவது போய் வரலாம் என்று கிளம்பினோம். லவ்டேல் தாண்டும் முன்னே மறுபடி பிடித்துக்கொண்டது.

அக்காவின் தொடுதிரை படாத பாடு பட்டது. மழைத்துளி விழுந்தாலே விரல் என்று நினைத்துப் பக்கம் மாற்றியது, மேப்பைப் பெரிதாக்கியது, ஒரு கட்டத்தில் பயணத்தை முடிக்கலாமா என்றே கேட்டது. திரையைப் பூட்டிவிட்டார். பூட்டிய பிறகு கையுறையோடு ஒன்றும் செய்ய முடியவில்லை. நீலகிரி மழையில் பொத்தான்தான் ராஜா. கார்மின் எட்ஜ் 540க்கும் 840க்கும் முக்கியமான வித்தியாசமே இதுதான்: 840இல் தொடுதிரையும் பொத்தானும், 540இல் பொத்தான் மட்டும். 2021இல் வந்த வாஹூ போல்ட், 2022இல் வந்த ரோம் இரண்டும் பொத்தான் மட்டுமே. அவற்றில் இன்னொரு நல்ல யோசனை, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் திரையில் எண்களின் எண்ணிக்கை குறைந்து எழுத்து பெரிதாகும். நாற்பது தாண்டின கண்ணுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இந்த இரண்டு வாஹூவிலும் அமைப்பு வேலையெல்லாம் போனில் உள்ள செயலியில்தான். கார்மினில் கருவிக்குள்ளேயே மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. எனக்கு முதலாவது பிடிக்கும், தம்பிக்கு இரண்டாவது. இதில் சரி தப்பு இல்லை.

என் கருவி வேறு விதமாகச் சண்டித்தனம் செய்தது. ஏறிக்கொண்டே இருக்கிறோம், உயரம் அப்படியே நிற்கிறது, சரிவு பூஜ்யம். காற்றழுத்த உணரிக்குக் காற்று போக அடியில் குண்டூசித் துளை இருக்கும். அதில் தண்ணீர் படலம் கட்டிவிட்டால் உள்ளே பழைய அழுத்தமே அடைபட்டிருக்கும். இது மழையில் எந்தக் கருவிக்கும் வரக்கூடியது, வியர்வை உப்பும் அடைக்கும். துணியால் ஒற்றி எடுத்து, ஒரு டீ குடிக்கிற நேரம் சட்டைக்குள் வைத்திருந்ததும் தெளிந்தது. ஊசி விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே உணரி போய்விடும்.

திரும்பி வந்து ஊட்டி ரயில் நிலையத்துக்குப் போனோம். நம் நாட்டு ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். சைக்கிள்காரனுக்கு இதைவிட மலிவான அளவுகோல் இல்லை. மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் தொடங்கி 2,203 மீட்டர்வரை ஏறுவதாக யுனெஸ்கோவின் பட்டியலில் இருக்கிறது. பிளாட்பாரத்தில் நின்று அந்த எண்ணுக்கு என் கருவியைத் திருத்திக்கொண்டேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் இந்த ரயிலின் உச்ச சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது 8.33%. முந்தாநாள் நாங்கள் சிவப்பு என்று பயந்த துண்டுகளில் பல இதற்கு மேல். இன்ஜினுக்கே பல்சக்கரம் வேண்டியிருக்கிறது என்று மாமாவிடம் சொன்னபோது, அரவேணு பெஞ்சைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பேட்டரி பற்றிக் கேட்டிருந்தார்கள். கம்பெனிகள் சொல்லும் கணக்கு: எட்ஜ் 540க்கு 26 மணி நேரம், சிக்கன முறையில் 42. 2021இல் வந்த வாஹூ போல்ட்டுக்கு 15. ஐஜிபிஸ்போர்ட் ஐஜிஎஸ்630க்கும் பிரைட்டன் ரைடர் 420க்கும் 35. ராத்திரி லாட்ஜில் பிளக் பாயின்ட் இருக்கும் பயணத்தில் 15 மணி நேரமே தாராளம். 600 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இது பெரிய கேள்வி. போனின் கதை தனி. திரையை எரியவிட்டு, மேப்பைத் திறந்துவைத்தால் மத்தியானத்துக்குள் தாகம் எடுத்துவிடும். மலையில் கஷ்டப்பட்டு ஏறும்போது அவசரத்துக்கு இருக்க வேண்டிய ஒரே பொருளை ஸ்பீடோமீட்டராக வைத்துத் தீர்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

நான்காம் நாள்: மஞ்சூர், கெத்தை, காரமடை

மேகம் கலைந்திருந்தது. முத்தோரை பாலாடாவில் கேரட் கழுவும் இயந்திரங்களின் இரைச்சல், ஆரஞ்சு நிறத்தில் சாலையோரம் ஓடும் தண்ணீர். எடக்காடு வழியாக மஞ்சூர் போய், பொங்கலும் வடையும். அதற்குப்பின் கடை கிடையாது என்பதால் வர்க்கி ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டோம்.

மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக வெள்ளியங்காடு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். யானைக் காடு. செக்போஸ்டில் விசாரித்து, பேர் எழுதிவிட்டு, பகலிலேயே கீழே போய்ச் சேருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை. கொஞ்ச தூரத்திலேயே போனில் சிக்னல் காணாமல் போனது.

"நெட்டே இல்லையே, ஜிபிஎஸ் எப்படி வேலை செய்யும்?" என்றார் மாமா. நிறையப் பேருக்கு இருக்கும் சந்தேகம். செயற்கைக்கோள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது மட்டும்தான் கருவியின் வேலை, அதற்கு டவர் தேவையில்லை. டவர் உதவுவது தொடங்கும்போது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க முப்பது வினாடி ஆகும், எல்லாச் செயற்கைக்கோள்களின் முழுப் பஞ்சாங்கத்தையும் சொல்ல பன்னிரண்டரை நிமிடம். நெட் இருந்தால் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இறக்கிக்கொள்ளும். அதனால்தான் கருவியை மஞ்சூரிலேயே ஆன் செய்து, வானம் தெரியும் இடத்தில் வைத்துவிட்டு நாங்கள் சாப்பிடப் போனது. தம்பியின் போனிலும் இடம் சரியாகவே விழுந்தது, அடியில் இருக்க வேண்டிய மேப்தான் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளி. ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்துக்கொண்டு இந்தச் சாலைக்கு வாருங்கள்.

குந்தா மின்திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் மலையிலிருந்து செங்குத்தாக இறங்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். இப்படிப்பட்ட பள்ளத்தாக்கில்தான் இரட்டை அலைவரிசைக் கருவிகளுக்கு வேலை. சாதாரணக் கருவி 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் ஒரே சமிக்ஞையைக் கேட்கும். இரட்டைக் கருவி 1176.45 மெகாஹெர்ட்ஸில் வருவதையும் சேர்த்துக் கேட்கும். பாறையில் மோதி எதிரொலித்து வரும் சமிக்ஞையை நேராக வருவதிலிருந்து பிரித்தறிய இரண்டாவது மிகவும் உதவும். எட்ஜ் 540, 840, 1040, 2022இல் வந்த இரண்டாம் வாஹூ ரோம் ஆகியவற்றில் இது உண்டு.

வெள்ளியங்காட்டில் டீ குடித்துக்கொண்டே தடங்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். இரட்டை அலைவரிசை உள்ள என் கருவியின் கோடு வளைவுகளை அழகாகச் சுற்றியிருந்தது. அது இல்லாத அக்காவுடையதும் ஏறக்குறைய அப்படியே, ஓரிரு இடத்தில் மட்டும் சாலைக்கு வெளியே தேயிலைக்குள் போய் வந்திருந்தது. தம்பியின் கருவிதான் பல வளைவுகளில் மூக்கை நறுக்கியிருந்தது. அவனுக்குக் கோபம். அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தோம். பதிவு முறை "ஸ்மார்ட்" என்று இருந்தது. இடம் மிச்சம் பிடிக்க, மாற்றம் தெரிந்தால் மட்டும் புள்ளி வைக்கும் முறை. வினாடிக்கு ஒரு புள்ளி வைத்தால், வளைவில் பிரேக் பிடித்து மணிக்கு 15 கிலோமீட்டரில் திரும்பும்போது ஏழெட்டுப் புள்ளி விழும், வளைவு வளைவாகவே தெரியும். இரண்டு மூன்று புள்ளிதான் என்றால் முக்கோணம்தான் வரும். கருவி மட்டம் என்று அவன் நினைத்ததில் பாதி, ஒரு அமைப்பு. வினாடிக்கு ஒன்று என்று மாற்றியாயிற்று. இரட்டை அலைவரிசைக்கு மட்டும் கூடுதலாகக் காசு போட வேண்டுமா என்றால், கெத்தை மாதிரி இடங்களில் அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

காரமடை வந்ததும் வெயில் சுரீரென்று அடித்தது. மலையை விட்டு இறங்கிவிட்டோம் என்பதற்குக் கருவி தேவைப்படவில்லை. கோவை நெருங்க நெருங்கத் தம்பி ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டான்: இருக்கிறதை விற்றுவிட்டு எதை வாங்கட்டும்? அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். வெளியானபோது எட்ஜ் 540இன் விலை 350 டாலர், போல்ட் 280 டாலர். இங்கே வரியோடு சேர்ந்து அது மாணவன் பர்ஸுக்குப் பெரிய தொகை. கலர் மேப்புக்காகக் கொடுக்காதே. காற்றழுத்த உணரி, ஏற்றத் திரை, பொத்தான், இந்த மூன்றும் உள்ளதில் மலிவானதை எடு. ஐஜிபிஸ்போர்ட்டிலும் பிரைட்டனிலும் தேடினால் கிடைக்கும். மிச்சக் காசில் சக்கர அச்சில் மாட்டும் வேக உணரி ஒன்று வாங்கு, தூரத்தில் மாமாவோடு போட்டி போடலாம். கைமாறி வரும் எட்ஜ் 530 நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் மோசமில்லை. சார்ஜ் செய்ய மைக்ரோ யுஎஸ்பி ஒயர் தேடிப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பாதையை ஏற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மாமா நடுவில் புகுந்தார். "அந்த ஏத்தத்தைக் காட்டுற படம் மட்டும் தனியா வருமாங்க?"

தனியாக வராது. கோத்தகிரி ஏற்றத்தின் பக்கவெட்டை, கிலோமீட்டர் வாரியாகச் சரிவோடு, ஒரு சின்னக் காகிதத்தில் அச்சடித்து பிளாஸ்டிக் உறை போட்டுத் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். ஹேண்டில்பார் தண்டில் ஒட்டிக்கொள்ளலாம். தூரம்தான் அவர் மீட்டரில் சரியாக ஓடுகிறதே.